கடலைத் தொலைத்த வெளிச்சவீடு

கொழும்புக் கோட்டைப் பக்கம் போகாத ஆட்கள் எங்களில் குறைவு. ஆனால் சதாம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கிற இடத்தில் நிற்கிற மணிக்கூட்டுக் கோபுரம், ஒருகாலத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டிய வெளிச்சவீடு எண்டது எத்தனை பேருக்குத் தெரியும்?

கோபுரம் எழுந்தது 1857இல். அதை வடிவமைத்தவர் எமிலி எலிசபெத் வார்ட், அப்போதைய ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி. முதலில் அது வெறும் மணிக்கூடுதான். 1860களில்தான் உச்சியில் விளக்கு ஏறியது. உயரம் ஏறத்தாழ 29 மீற்றர். கீழே ஊருக்கு நேரம், மேலே கடலுக்கு வெளிச்சம்.

அந்த விளக்கு எரிந்த காலத்தில்தான் கொழும்பும் மாறியது. 1869இல் கோட்டை மதில்களை இடிக்கத் தொடங்கினார்கள். 1875இல் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள். அதுவரை காலியில் தரித்த பெரிய நீராவிக் கப்பல்கள் கொழும்புக்கு வரத் தொடங்கின.

தூத்துக்குடியிலிருந்தும் கப்பல்கள் வந்தன. மலையகத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழர்களில் பலர் அந்த வழியால்தான் கொழும்பில் இறங்கினார்கள். இரவில் கரையை நெருங்கியவர்களுக்கு இந்தத் தீவில் முதலில் தெரிந்தது இந்த வெளிச்சமாகவே இருந்திருக்கலாம். ஆளுநரின் மனைவி பெயரை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. தளத்தில் மூட்டை முடிச்சோடு குந்தியிருந்தவர்களின் பெயர்களை யார் எழுதினார்கள்?

நாங்கள் கமராவோடு போனபோது ஒரு ஆசை இருந்தது: கோபுரமும் கடலும் ஒரே படத்தில் வரவேண்டும். சதாம் வீதியில் நிண்டு பார்த்தோம், எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தோம், குந்தியிருந்தும் பார்த்தோம். சரிவரவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டடம்தான்.

அந்தக் கோபுரத்தின் கதையே அதுதான். துறைமுகத்தால் நகரம் வளர்ந்தது, வளர்ந்த நகரம் விளக்கை மறைத்தது. கப்பல்களுக்குத் தெரியாத விளக்கால் பிரயோசனமில்லை எண்டு 1952இல் அணைத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் கடலோரத்தில் புதிய வெளிச்சவீடு வந்தது, அடியில் சிங்கச் சிலைகளோடு. 2014இல் தொடங்கிய துறைமுக நகரத்துக்காகக் கடலில் 269 ஹெக்டேயர் நிலம் நிரப்பப்பட்டது. இப்போது புதியதற்கு முன்னாலும் நிலம்தான்.

பழைய கோபுரத்தை நீங்களும் ஒருக்கால் போய்ப் பாருங்கோ. பாதுகாப்புக் கூடின இடம், படம் எடுக்க முதல் காவலில் நிற்பவர்களிடம் ஒரு சொல் கேட்பது நல்லது. மணிக்கூட்டோடு நிண்டுவிடாமல் கண்ணை இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோங்கோ. விளக்கு இருந்த கூடு அங்கே இருக்கிறது. மலையகத்து நண்பர் யாராவது கூட வந்தால், அவருடைய பூட்டன் பூட்டி எந்தத் துறையில் இறங்கினார்கள் எண்டு வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கோ. எங்களுடைய படங்களில் இல்லாத கடல் அந்தப் பதில்களில் இருக்கும்.