கடைக்காரரின் மதமும் வாங்குவோரின் அறமும்: தில்லிக் கிறித்தவர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

அன்றாடக் கொள்முதலில் கிறித்தவர் நடத்தும் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்ற கருத்து பல நாட்டுக் கிறித்தவரிடையே வழங்குகிறது. நலிந்தவரைத் தாங்கும் நல்லெண்ணம் அதில் இருப்பதை மறுக்க முடியாது. ஆயினும் நல்லெண்ணம் வேறு, நற்பயன் வேறு. ஒதுக்கப்பட்டவரைத் தேடிச்சென்று பொருள் வாங்குவது நியாயம். உரிமையாளரின் மதத்தையே அளவுகோலாக்குவது, யாரைக் காக்க நினைக்கிறோமோ அவர்களுக்கே கேடாய் முடியும். தில்லியின் நிலைமை இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தில்லியின் 1.68 கோடி மக்களில் கிறித்தவர் ஏறத்தாழ 1.46 லட்சம், அதாவது 0.87 விழுக்காடு. பரந்து வாழும் இச்சிறு தொகையினரை மட்டும் நம்பி எந்த வணிகமும் நிலைக்காது. தம்மவரிடமே வாங்குவது அறம் என்று ஒரு சமூகம் சொல்லுமானால், மற்றவர்களும் அதையே சொல்வதை அது தடுக்க இயலாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அந்த அறத்தைக் கைக்கொண்டால் எஞ்சிய ஒருவரின் கடை மூடப்படும். இது வெறும் கற்பனை அன்று. 2022 அக்டோபரில் கிழக்குத் தில்லிப் பொதுக்கூட்டம் ஒன்றில், எந்தச் சமூகம் என்று பெயர் சொல்லாமலே, ‘முழுப் புறக்கணிப்பு’க்கு மக்களவை உறுப்பினர் ஒருவர் அழைப்பு விடுத்தார். 2024 ஜூலையில், சிவபக்தர்களின் கான்வர் யாத்திரை வழியிலுள்ள உணவகங்கள், மதத்தைக் காட்டிக்கொடுக்கும் உரிமையாளர் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரப் பிரதேச, உத்தராகண்ட நிர்வாகங்கள் பணித்தன. உச்ச நீதிமன்றம் ஜூலை 22 அன்று அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. எவ்வகை உணவு என்று அறிவித்தால் போதும், பெயரை வெளியிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. கடைக்காரரின் மதத்தைப் பார்த்து வாங்கும் பழக்கம் வேரூன்றினால் இத்தகைய நீதிமன்ற ஆணைகளின் பாதுகாப்பும் பயனற்றுப் போகும்.

தம்மவர் ஆதரவினால்தானே பல சமூகங்கள் எழுந்தன என்று கேட்கலாம். நாடார்களின் மகமையும் 1921இல் தூத்துக்குடியில் தோன்றிய நாடார் வங்கியும் இதற்குச் சான்றாகக் காட்டப்படும். ஆனால் மகமை, வணிகர் தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட வரி. சரக்கை வாங்கியவரோ எல்லாச் சாதியினரும். அவ்வங்கியும் 1962இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. கிறித்தவ மறைப்பணி அமைப்பான பாசல் மிஷனின் வரலாறு இன்னும் நெருக்கமானது. மதம் மாறியதால் சாதித் தொழிலையும் உறவையும் இழந்தோர்க்குப் பிழைப்புத் தரவே அது மலபார், தென் கன்னடப் பகுதிகளில் தறிக்கூடங்களைத் தொடங்கியது. 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையும் அமைத்தது. அவ்வோடுகள் எல்லா மதத்தாரின் கூரைகளிலும் ஏறின. வேலைவாய்ப்பில் ஒதுக்கப்பட்டோர்க்கு முன்னுரிமை, விற்பனையில் திறந்த சந்தை: இவ்விரண்டின் சேர்க்கையே இவ்வரலாறுகளின் பாடம்.

உரிமையாளரை மட்டும் பார்க்கும் கொள்முதல், உதவி தேவைப்படுவோரைச் சென்றடைவதும் இல்லை. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசாவிலிருந்து தில்லி வந்து வீட்டுவேலை செய்யும் பழங்குடிக் கிறித்தவப் பெண்களுக்குக் கடை ஏது? அவர்களுக்கு வேண்டியது முறையான கூலியும் வார விடுப்பும். தலித் கிறித்தவரின் நிலை வேறு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு அளித்தது. அது 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது, கிறித்தவருக்கு இல்லை. நடுவண் அரசின் 2012 பொதுக் கொள்முதல் கொள்கை இப்போது 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமும், அதனுள் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமும் வாங்கச் சொல்கிறது. பழங்குடித் தகுதிக்கு மத வரம்பு இல்லாததால் பழங்குடிக் கிறித்தவருக்கு அந்த வாயில் திறந்திருக்கிறது. தலித் கிறித்தவருக்கு அடைபட்டிருக்கிறது. அதைத் திறப்பது, ஆயிரம் குடும்பங்கள் தம்மவர் கடையைத் தேடி அலைவதைவிடப் பெரும்பயன் தரும்.

யாரிடம் வாங்குவது என்பது வாங்குவோரின் சுதந்திரம் அல்லவா என்ற மறுப்பு எஞ்சுகிறது. சட்டப்படி அது சரியே. எனினும் சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறமாகிவிடாது. புறக்கணிப்புக்கு ஆளான ஒருவரின் கடைக்குத் துணிந்து செல்வதும் தேர்வுதான். அங்கே அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியே காரணம், மதம் அன்று. நாளை வேறு மதத்தவர் புறக்கணிக்கப்பட்டாலும் அந்தக் காரணம் பொருந்தும். ஆகவே தில்லிக் கிறித்தவர் கொள்முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இந்தக் கடையில் உழைப்பவருக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா? இந்தக் கடைக்காரர் அநியாயமாக ஒதுக்கப்பட்டவரா? உரிமையாளர் எந்த வழிபாட்டிடத்துக்குப் போகிறார் என்பது மூன்றாவது கேள்வியாகக்கூட இருக்கத் தேவையில்லை.