காஞ்சியின் பிக்கு: மேடையிலும் திரையிலும்

2011 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ படம் ஒரு பல்லவ இளவரசரின் பயணத்தோடு தொடங்குகிறது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்படும் போதிதர்மர் சீனம் சேர்கிறார். அங்கே கொள்ளைநோயில் வாடும் ஓர் ஊரைக் காப்பாற்றுகிறார், வழிப்பறிக்காரர்களை அடித்து விரட்டுகிறார், ஊராருக்கு மருத்துவமும் சண்டைக் கலையும் கற்றுத் தருகிறார். அவர் உடல் தங்கள் மண்ணிலேயே கிடக்கவேண்டும் என்று அவர்கள் நஞ்சு கலந்து கொடுத்த உணவைத் தெரிந்தே உண்டு சாகிறார். ஏ. ஆர். முருகதாஸ் இயக்கத்தில் சூர்யா நடித்த இந்தப் பகுதி, காஞ்சிக்குத் தமிழ்த் திரையில் ஒரு புது முகத்தைக் கொடுத்தது. அதுவரை காஞ்சி என்றால் கோபுரம், இல்லையென்றால் பட்டு. பிரகாஷ்ராஜ் நெசவாளியாக நடித்த பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ அந்தப் பட்டின் மறுபக்க வறுமையைச் சொல்லித் தேசிய விருது வாங்கியது. பௌத்தக் காஞ்சி என்று ஒன்று இருந்ததை லட்சக்கணக்கானவர்கள் முதன்முதலாகக் கேள்விப்பட்டது ‘ஏழாம் அறிவு’ வழியாகத்தான். ஆனால் அந்தப் போதிதர்மர் என்ன சிந்தித்தார், எதைப் போதித்தார் என்பது படத்துக்குத் தேவைப்படவில்லை. அவருடைய கை, கண், மருந்து, கடைசியில் அவருடைய மரபணு, இவைதாம் கதைக்குத் தேவைப்பட்டன. இதை ஒரு படத்தின் குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. காஞ்சியின் பௌத்தத் துறவியை மேடையிலும் கதையிலும் திரையிலும் காட்டியவர்கள் 1,400 ஆண்டுகளாக அவரை ஏமாற்றுக்காரராக, ஒற்றராக, வீரராக ஆக்கியிருக்கிறார்கள். அவர் சிந்தனையாளர் என்பது ஒவ்வொரு முறையும் விடுபட்டிருக்கிறது.

அவர் யாராக இருந்தார் என்பதற்கு நேரில் கண்டவரின் சாட்சி உண்டு. 640ஆம் ஆண்டையொட்டி, முதலாம் நரசிம்மவர்மன் ஆண்ட நாளில், சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். 100க்கு மேற்பட்ட சங்காராமங்கள் (பௌத்த மடங்கள்), 10,000 பிக்குகள், 80 கோயில்கள், சமணர் பலர் என்று எழுதி வைத்தார். அசோகர் எழுப்பியதாக ஊரார் சொன்ன, 100 அடி உயரமுள்ள ஒரு தூபியையும் குறிப்பிட்டார். எண்களில் மிகை இருக்கலாம். முழு எண்கள் எப்போதும் சற்றுச் சந்தேகத்துக்குரியவை. அவர் சொன்ன பெயர் அப்படிப்பட்டதல்ல. தருமபாலர் பிறந்த ஊர் இது என்கிறார். அமைச்சர் ஒருவரின் மகனான தருமபாலருக்கு அரசன் மகளை மணம் பேசியிருந்தார்கள். மணநாள் மாலையில் அவர் புத்தர் சிலைமுன் நின்று வேண்டினார், ஊரைவிட்டு நீங்கினார், துறவியானார். பிற்காலத்தில் நாளந்தாவின் தலைமை அவரிடம் வந்தது. அவர் மாணவர் சீலபத்திரர்; சீலபத்திரரின் மாணவர் யுவான் சுவாங். அப்படியானால் அந்தச் சீனத் துறவி காஞ்சிக்கு வந்தது தன் ஆசிரியருக்கு ஆசிரியரான ஒருவர் பிறந்த ஊருக்கு. யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹுய்லி ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்: இலங்கையில் மன்னன் இறந்து பஞ்சமும் குழப்பமும் பரவியதால் சுமார் 300 பிக்குகள் காஞ்சிக்கு வந்திருந்தார்கள். யுவான் சுவாங் அவர்களிடம் யோகாசார நூல்களின் கடினமான இடங்களைப் பற்றிக் கேட்டார். அவர்கள் சொன்ன விளக்கம் சீலபத்திரர் சொன்னதைத் தாண்டவில்லை. கடல் தாண்டி வந்த அகதிகளும் மலை தாண்டி வந்த யாத்திரிகரும் ஒரு தமிழ் நகரத்தில் உட்கார்ந்து நூலின் பொருளைப் பற்றி வாதிட்டிருக்கிறார்கள். காஞ்சியின் பெருமை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இது தனித்த நிகழ்ச்சியும் அல்ல. இந்தியத் தர்க்கத்தின் போக்கையே மாற்றிய திக்நாகர் காஞ்சியை அடுத்த சிம்மவக்திரத்தில் பிறந்தவர் என்கிறது திபெத்திய மரபு. ஒன்றை அறிய வழிகள் இரண்டே, நேர்க்காட்சியும் அனுமானமும், என்று அவர் ‘பிரமாணசமுச்சய’த்தில் நிறுவியதற்குப் பிறகு, அவரை ஏற்றாலும் மறுத்தாலும் அவரைக் கடக்காமல் யாராலும் வாதிட முடியவில்லை. பாலி மொழியின் பேருரையாசிரியர் புத்தகோசர், தாம் காஞ்சியில் சோதிபாலரோடு தங்கியிருந்ததையும் அவர் கேட்டுக்கொண்டதால் உரை எழுதியதையும் தம் நூலிலேயே குறித்திருக்கிறார். மணிமேகலைக் காப்பியம் தன் தலைவியை வஞ்சியில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கவைத்து, பிறகு காஞ்சிக்குக் கொண்டுவருகிறது. அங்கே அறவண அடிகள் அவளுக்குத் தருமம் சொல்லத் தொடங்குவது அளவை இலக்கணத்திலிருந்து. சரியான அனுமானம் எது, போலி எது, எடுத்துக்காட்டு எங்கே வழுவாகிறது என்று ஒரு காதையின் பெரும்பகுதி போகிறது. துறவு பூண வந்த பெண்ணுக்கு முதலில் தர்க்கம் கற்பிக்கும் காப்பியம் வேறெங்கு உண்டு என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இப்படிப்பட்ட ஊரின் பிக்கு மேடையில் முதலில் எப்படித் தோன்றினார்? முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சித் தெருக்களிலேயே நடக்கிறது. அதில் வரும் நாகசேனன் என்ற பிக்கு, வணிகர் வீட்டில் மீனும் இறைச்சியும் உண்டு மகிழ்ந்து, புத்தர் மதுவையும் மாதரையும் விலக்கியிருக்கமாட்டார், கிழத்துறவிகள்தாம் அந்த விதிகளைச் சேர்த்திருக்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டு வருகிறான். கபாலம் தொலைத்த காபாலிகன், மேலாடைக்குள் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு போகும் அவனைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். அரசன் பௌத்தர்களை மட்டும் கேலி செய்யவில்லை. காபாலிகனுக்கும் பாசுபதனுக்கும் நல்ல அடி விழுகிறது. ஆயினும் காஞ்சியின் பிக்கு நாடக உலகில் நுழையும்போதே பாத்திரத்தை ஒளிக்கும் கள்ளனாக நுழைகிறான். அதே காஞ்சியில் மணிமேகலை ஏந்தி வந்த பாத்திரம் மழை பொய்த்துப் பசித்திருந்த நகருக்கே சோறு போட்டது. ஒரே ஊர், ஒரே பொருள். ஒரு படைப்பு அதை ஊருக்கு நடுவில் வைக்கிறது, மற்றொன்று ஆடைக்குள் ஒளிக்கிறது. பின்வந்த கதைசொல்லிகள் இரண்டாவதைத்தான் தொடர்ந்தார்கள். 1944 முதல் கல்கி தொடராக எழுதிய ‘சிவகாமியின் சபதம்’ காஞ்சி முற்றுகையின் கதை. அதில் நினைவில் நிற்கும் பிக்கு நாகநந்தி, சாளுக்கிய மன்னன் புலிகேசியின் இரட்டைச் சகோதரன், அவனுடைய ஒற்றன். நாகநந்தி மட்டமான வில்லன் அல்ல. கலைக்கு மயங்கும் அவன் மனத்தைக் கல்கி நுட்பமாகவே எழுதினார். ஆனால் தமிழ் வாசகரின் மனத்தில் பல்லவக் காஞ்சியும் காவியுடையும் சந்திக்கும் இடத்தில் நிற்பவன் அவன்தான். திக்நாகரின் பெயர் தெரியாத வீடுகளில் நாகநந்தியின் பெயர் தெரியும்.

இந்த வரிசையில் போதிதர்மர் ஒரு மாறுதல். அவர் கள்ளருமல்ல, ஒற்றருமல்ல, போற்றப்படுகிறார். அந்தப் போற்றுதல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். போதிதர்மரைக் குறிக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு, 547ஆம் ஆண்டையொட்டி யாங் சுவான்சி லோயாங் நகர விகாரங்களைப் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. லோயாங்கின் பெரிய கோபுரத்தைக் கண்டு வியந்து நின்ற முதிய துறவி என்கிறது. அதே நூற்றாண்டில் தான்லின் அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்றார். 645இல் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த தாவ்சுவான் தென்னிந்திய அந்தணர் என்றார். காஞ்சி என்று அறிஞர்கள் கொள்ளும் ஊர்ப்பெயர் 1004இல் தொகுக்கப்பட்ட நூலில் வருகிறது. சீனப் பேரரசர் வூவோடு அவர் நடத்திய புகழ்பெற்ற உரையாடலும் முதல் நூல்களில் இல்லை. தென்னாட்டுத் தொடர்பு வலுவானது, காஞ்சித் தொடர்பு பிந்திய மரபு. இவ்வளவுதான் நேர்மையாகச் சொல்லமுடியும். சண்டைக் கலையோ இன்னும் பிந்தியது. தசைநாண்களை வலுவாக்கும் பயிற்சி நூலான ‘யிஜின் ஜிங்’ 1624இல் எழுந்தது. தன்னைப் போதிதர்மர் தந்ததாகக் காட்ட அது போலி முன்னுரைகளைச் சுமந்து வந்தது. அவற்றின் பொய்மையைச் சீன வரலாற்றாளர் தாங் ஹாவ் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காட்டிவிட்டார். பழைய நூல்கள் காட்டும் போதிதர்மர் மனத்தை நோக்கி அமர்ந்தவர், ஒருசில மாணவர்களுக்குப் போதித்தவர். குத்துவிடக் கற்றுத் தந்தவர் அவற்றில் இல்லை.

அந்தக் குத்தை உலகம் முழுதும் கொண்டுசென்றது சினிமா. 1978இல் ஹாங்காங்கின் ‘ஷாவோலினின் 36ஆம் அறை’, 1982இல் ஜெட் லீயை நாயகனாக்கிய ‘ஷாவோலின் கோயில்’ ஆகியவை பௌத்த மடம் என்றால் சண்டைப் பள்ளி என்ற எண்ணத்தை நிலைநாட்டின. மற்றொரு பக்கம் புத்தரின் கதையை எடுத்தவர்கள் அரண்மனையை விட்டு வெளியேறும் இளவரசனிடமே தங்கிவிட்டார்கள். 1925இல் ஃப்ரான்ஸ் ஓஸ்டனும் ஹிமான்ஷு ராயும் எடுத்த ‘பிரேம் சந்நியாஸ்’ முதல் 1993இல் பெர்டோலூச்சியின் ‘லிட்டில் புத்தா’ வரை அதுதான் பெருங்காட்சி. தமிழில் 1941இல் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘அசோக்குமார்’ அசோகர் மகன் குணாளனின் கதையை எடுத்தாலும், சிற்றன்னையின் ஆசையும் கண் பறிபோன கொடுமையும்தான் அதன் உயிர். 2001இன் ‘அசோகா’வுக்குப் போர்க்களம் வேண்டியிருந்தது, போருக்குப் பின் அந்த மன்னன் என்ன செய்தான் என்பது வேண்டியிருக்கவில்லை. அரண்மனையையும் அடிதடியையும் எடுத்துக்கொண்டு நடுவிலிருந்த போதனையை விட்டுவிடுவது உலகப் பழக்கம். முருகதாஸ் ஹாங்காங் உருவாக்கிய பிம்பத்தைக் காஞ்சிக்குத் திருப்பிக் கொண்டுவந்து அதற்குத் தமிழ்ப் பெருமை பூட்டினார்.

சினிமா வரலாற்றுப் பாடம் அல்ல, ஒரு கதை நான்கு பேரைத் தேடவைத்தால் போதாதா என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், அந்தப் படத்துக்குப் பிறகு போதிதர்மர் என்ற பெயர் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகிவிட்டது, அதற்கு நன்றி சொல்லவேண்டும். மரபையும் வரலாறு என்றே கொள்ளவேண்டும், சீனர்களே போதிதர்மரைப் புனைந்துதான் வளர்த்தார்கள் என்றும் சொல்லலாம். அதுவும் சரி. ஆனால் சீன மரபு புனைந்தபோது அந்தப் புனைவின் நடுவில் ஒரு கேள்வியை வைத்தது: புண்ணியம் என்ன, மனம் என்ன, இங்கே நிற்பவன் யார். ‘ஏழாம் அறிவு’ தமிழர் மறந்த ஒருவரை மீட்பதாகச் சொல்லிக்கொண்டு வந்த படம். மீட்டெடுத்தவரிடம் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு பார்வையால் பிறரை வசப்படுத்தும் நோக்கு வர்மத்தை மட்டும் கொடுத்தது. முன்னோர் அறிவு என்று நாம் கொண்டாடுவது கைக்கு வந்த வித்தையாகவே இருந்தால், காஞ்சி உண்மையில் உலகுக்குக் கொடுத்தது இரண்டாம் முறையும் மறக்கப்படுகிறது.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: வாதத்தைப் படமெடுக்க முடியாது, தர்க்கம் பார்க்க வருவோரைத் தூங்கவைக்கும் என்பது. வேறு நாட்டுச் சினிமாவைப் பற்றி இதைச் சொல்லலாம், தமிழ்ச் சினிமாவைப் பற்றிச் சொல்லவே முடியாது. 1952இல் ‘பராசக்தி’யை நிலைக்கவைத்தது ஒரு நீதிமன்ற வாதம். 1965இன் ‘திருவிளையாடல்’ படத்தில் மக்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் காட்சி, ஒரு பாட்டில் பொருட்குற்றம் உண்டா இல்லையா என்ற தர்க்கம். கடவுளுக்கு எதிரே நின்று குற்றம் குற்றமே என்று சாதிக்கும் புலவர் நக்கீரரைத்தான் கொட்டகை கைதட்டி ஏற்றது. நக்கீரரை ஏற்ற பார்வையாளர்கள் அறவண அடிகளை ஏற்கமாட்டார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கும் வழியுண்டு. கொரியாவின் பே யோங்-க்யுன் 1989இல் எடுத்த ‘போதிதர்மர் ஏன் கிழக்கே போனார்?’ படத்தில் போதிதர்மர் வருவதே இல்லை. மலைமேல் ஒரு மடம், ஒரு முதியவர், ஓர் இளந்துறவி, அனாதைச் சிறுவன் ஒருவன், அவ்வளவுதான். அது லொகார்னோ விழாவில் தங்கச் சிறுத்தை விருதைப் பெற்றது. காஞ்சியோடு பேர் சேர்ந்த துறவியைப் பற்றி எடுக்கப்பட்டவற்றில் அவருக்கு மிக அருகில் போன படம் அவரைக் காட்டாத அந்தப் படம் என்பது என் கருத்து.

பௌத்தம் தமிழகத்தில் மாய்ந்துபோய் நெடுநாளாகிவிட்டது, சைவ வைணவ அடியார் படங்களுக்கு இருந்த பார்வையாளர் கூட்டம் இதற்கு எப்படி வரும் என்பது கடைசி மறுப்பு. 1940இல் கே. பி. சுந்தராம்பாளை வைத்தும், 1959இல் பானுமதியை வைத்தும் ‘மணிமேகலை’யை எடுத்தவர்கள் இருந்தார்கள். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசர், தமிழ்ப் பௌத்தத்தைத் தம் மக்களின் சொந்த வரலாறாகவே வாதாடினார். அந்த வழியில் வந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாய்ந்தது என்பதிலும் நாம் அவசரப்படுகிறோம். 1915இல் டி. ஏ. கோபிநாத ராவ் காஞ்சியில் தேடியபோது காமாட்சி அம்மன் கோயிலிலும் கருக்கினில் அமர்ந்தாள் கோயிலிலும் புத்தர் சிலைகளைக் கண்டு எழுதினார். காமாட்சி கோயிலில் இருந்த, ஆளுயரத்தைத் தாண்டிய நின்ற புத்தர் பிறகு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனார். 1365இல் சாவகத்தில் எழுதப்பட்ட ‘நாகரகிருதாகமம்’, மஜபாகித் அரசனைப் புகழ்ந்து நூல் இயற்றியவர்களில் ஒருவராகக் காஞ்சிபுரத்து விகாரத்தில் வாழ்ந்த புத்தாதித்யர் என்ற பிக்குவைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. யுவான் சுவாங் வந்துபோய் 700 ஆண்டுகளுக்குப் பிறகும் இங்கே ஒரு பிக்கு இருந்தார், கடலுக்கு அப்பால் அவரை அறிந்திருந்தார்கள், அறிந்தது அவர் எழுதிய சுலோகங்களுக்காக.