சிம்னி இருக்கு, புகை எங்கே போகுது?

மக்களே, இன்னைக்கு ஒரு நீளமான த்ரெட். அடுப்படிப் புகையோட வரலாறு. கடைசியில உங்களை டேப் எடுத்து வீட்டு சிம்னியை அளக்கச் சொல்வேன். அதனால முழுசாப் படிங்க.

கனகசெட்டிக்குளம் தெரியும்தானே? ஈசிஆர்ல புதுச்சேரியோட வடக்கு எல்லை. ஒரு பக்கம் கடல், தாண்டினா விழுப்புரம் மாவட்டம். அங்கிருந்து ஒரு அம்மா மூச்சிரைப்போட வந்தாங்க. வயசு அறுபதுக்கு மேல. வழக்கமா கேக்குற கேள்வியைக் கேட்டேன்: "புகைப்பழக்கம் உண்டாம்மா?"

"என்ன டாக்டர், என்னைப் பார்த்து இப்படிக் கேக்குறீங்க?"

தப்பு என் மேலதான். கேள்வியை மாத்திக் கேட்டேன்: "எந்த அடுப்புல சமைச்சீங்க?" கல்யாணமான நாள்லேர்ந்து சவுக்கு விறகு. முப்பது வருஷத்துக்கு மேல. ஊதிப் பார்க்கும் பரிசோதனை செஞ்சோம். சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். பீடியைத் தொடாமலே பீடி குடிப்பவர் நுரையீரல்.

இந்த விஷயத்தை முதல்ல அழுத்திச் சொன்னவங்கள்ல ஒருத்தர் டாக்டர் எஸ். பத்மாவதி. பர்மாவில் பிறந்து, டெல்லியில் பணியாற்றிய இதய மருத்துவர். நுரையீரல் கெட்டு, அதனால் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோன 127 நோயாளிகளைப் பற்றி 1959-ல் எழுதினாங்க. ஆண்கள்ல பெரும்பாலோர் புகைப்பவர்கள். பெண்கள்ல மிகச் சிலரே. ஆனாலும் பெண்கள் ஆண்களுக்குக் குறையாம இந்த நோயோட வந்தாங்க. காரணம் தேடினப்போ தெரிஞ்சது அடுப்படி: வரட்டியும் விறகும் எரியுற, புகை வெளியே போக வழியில்லாத அறை.

புகையை வெளியேத்தணும்னு நினைச்சவங்க அதுக்கும் முன்னாடியே இருந்தாங்க. தஞ்சாவூர்ல பிறந்த ஜே.சி. குமரப்பா தலைமையில வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் நடந்துச்சு. அந்த மகன்வாடி வளாகத்துலதான் 'மகன் சூலா' என்ற புகைபோக்கி அடுப்பு உருவாச்சு. மகன்லால் காந்தியின் நினைவாக வந்த பேர். நம்ம 'மகன்' இல்லை!

ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளரும் இதையே கையில எடுத்தார். மண் அடுப்பு, ஒரே நெருப்பில் அடுத்தடுத்துப் பானைகள், கடைசியில் புகைக்குழாய். 'கோடிப்பேருக்குப் புகையில்லா அடுக்களை' என்ற பொருள் வரும் தலைப்பில் அவர் எழுதிய ஆங்கில நூல் 1953-ல் சென்னையில் வெளியாச்சு.

அப்புறம் 1980-களில் மத்திய அரசே தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்குச்சு. 2002-ல் அது நிற்கும்போது கணக்கில் சுமார் 3.5 கோடி அடுப்புகள். ஆனா குழாய் உடைஞ்சா மாத்த ஆள் இல்லை, கரி அடைச்சா குத்திவிட ஆள் இல்லை. பாதி வழியிலேயே ஜனங்க பழைய அடுப்புக்குத் திரும்பிட்டாங்க.

ஒடிசாவில் புகைக்குழாய் அடுப்பு வாங்கின குடும்பங்களை 4 வருஷம் வரை தொடர்ந்து பார்த்தாங்க எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள். முதல் வருஷம் புகை குறைஞ்சுது. அதுக்கப்புறம் பலன் கரைஞ்சே போச்சு. அடுப்பைச் சரியாப் பயன்படுத்தலை, பராமரிக்கலை.

அப்போ குழாயே வீணா? இல்லைங்க. சீனாவுக்கு வாங்க. யுன்னான் மாநிலத்துல சுவான்வெய்னு ஒரு வட்டாரம். வீட்டுக்குள்ளேயே குழி அடுப்புல புகை கக்கும் நிலக்கரியை எரிச்ச ஊர். புகையே பிடிக்காத பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அங்கே மிக அதிகம். பிறகு பல வீடுகள் புகைக்குழாய் வச்ச அடுப்புக்கு மாறுச்சு. 21,000-க்கும் அதிகமானவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2002-ல் வந்துச்சு. குழாய் வச்ச வீடுகளில் நுரையீரல் புற்றுநோய் ஆண்களுக்குச் சுமார் 41%, பெண்களுக்குச் சுமார் 46% குறைவு.

மருந்து இல்லை, மாத்திரை இல்லை. புகை வெளியே போக ஒரு குழாய். அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல நாம எடுத்தது வேற வழி. எரிபொருளையே மாத்தினோம். தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு இலவச காஸ் அடுப்பு, 2016-ல் நாடு முழுக்க உஜ்வலா. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் கர்ப்பிணிகளுக்கு காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. கௌதமாலா, பெரு, ருவாண்டாவும் அதில் சேர்ந்திருந்தன. நாலு நாட்டிலும் சேர்த்து 3,200 பெண்கள். அவங்க சுவாசிச்ச நுண்துகள் அளவு ஏறக்குறைய மூணில் ஒரு பங்காகக் குறைஞ்சுது.

ஆனா குழந்தையின் பிறப்பு எடையில் பெரிய வித்தியாசம் வரலை. இதையும் மறைக்காம சொல்லணும். சில மாசத்துக்கு அடுப்பை மாத்துறதால எல்லாம் சரியாகிடாது. ஆனா துகள் குறைஞ்சது உண்மை. முப்பது வருஷம் புகைக்குள்ள நிற்கும் ஒரு நுரையீரலுக்கு அது பெரிய விஷயம்.

இப்போ அந்த அம்மாவுக்கு வருவோம். "இப்ப காஸ்தான் டாக்டர். புது வீடு. மவன் சிம்னிகூட மாட்டியிருக்கான். ஆனா தாளிச்சா மட்டும் இருமல் நிக்கல." மகன் போன்ல போட்டோ காட்டினார். பார்த்ததும் புரிஞ்சுது.

பழைய கூரை வீட்டுல அடுப்படி பின்பக்கம் தனியா இருக்கும். ஓட்டு வீடுன்னா ஓட்டு இடுக்கு வழியாப் புகை கசியும். கான்கிரீட் வந்தப்போ அடுப்படி வீட்டுக்குள்ள வந்துச்சு, இடுக்கெல்லாம் அடைபட்டுச்சு. இவங்க வீட்டுல கிழக்கு பார்த்துச் சமைக்கணும்னு அடுப்பை உள்சுவர்ல வச்சிருக்காங்க. சுவருக்கு அந்தப் பக்கம் பெட்ரூம். குழாய் போக வழி இல்லைன்னு கடையில குழாயில்லாத சிம்னியைக் கொடுத்துட்டாங்க. புகையை உள்ளே இழுத்து, வடிகட்டி, அதே அறையிலேயே திருப்பி விடும்.

அது எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும். கார்பன் ஃபில்டர் புதுசா இருக்கும்வரை வாசனையையும் குறைக்கும். ஆனா காஸ் எரியும்போது வர்ற நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, நீராவி, வெப்பம் எல்லாம் அறையிலேயே தங்கிடும். அதிக சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது வரும் புகையை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற 2ஏ பிரிவில் வச்சிருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு. பயமுறுத்தச் சொல்லலை. தினமும் வடை சுடும் வீட்டுல புகைக்கு ஒரு வாசல் வேணும்னு சொல்றேன்.

உள்சுவர்ல அடுப்பு இருந்தா என்ன பண்ணலாம்?

1. முடிஞ்சா அடுப்பையே வெளிச்சுவருக்கு மாத்துங்க. வீடு கட்டும் முன்னாடின்னா செலவே இல்லை.

2. முடியலைன்னா, சிம்னிக்கு மேல குழாயை ஏத்தி, சீலிங் ஒட்டியே வெளிச்சுவர் வரை கொண்டுபோங்க. கப்போர்டு மேல ஓடினா கண்ணுக்கே தெரியாது. பீமை உடைக்கக் கூடாது, சுத்தித்தான் போகணும்.

3. வளைவு ரெண்டுக்கு மேல வேண்டாம். ஒவ்வொரு வளைவும் காற்றை மட்டுப்படுத்தும். கசங்கும் ஃபாயில் குழாயைவிட உள்பக்கம் வழவழப்பான உலோகக் குழாய் நல்லது.

4. சிம்னியோட வாய் 6 அங்குலம்னா குழாயும் கடைசிவரை 6 அங்குலம். சுவர்ல ஓட்டை சின்னதுன்னு 4 அங்குலமாக் குறைச்சா, காற்றுப் பாதை பாதிக்கும் கீழே போயிடும். சத்தம் கூடும், புகை திரும்பும்.

5. பெட்டியில் '1200' னு பெருசாப் போட்டிருப்பாங்க. பெரும்பாலும் அது குழாய் மாட்டாம எடுத்த அளவு. 10-க்கு 8 அடி அறை, 10 அடி உயரம்னா 800 கன அடி, சுமார் 23 கன மீட்டர். மணிக்கு 12 முறை காற்றை மாத்த 270 கன மீட்டர் வெளியே போனாலே போதும். எண்ணைப் பார்த்து மயங்காதீங்க, குழாயைப் பாருங்க.

6. வெளியே போற காத்துக்குப் பதில் காத்து உள்ளே வரணும். சிம்னி ஓடும்போது ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைங்க.

7. கடலோரக்காரங்களுக்கு: மதியத்துக்கு மேல கடற்காத்து கிழக்கேர்ந்து அடிக்கும். குழாய் வாயைக் கடலைப் பார்த்து வச்சா புகை வீட்டுக்கே வரும். வேற பக்கம் வைங்க, காத்து திரும்பினா தானா மூடும் மூடியும் போடுங்க. உப்புக்காத்துல சாதாரண இரும்பு சீக்கிரம் துரு ஏறும், எவர்சில்வர் நல்லது.

8. குழாய் முனை வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில முடியணும். பரண்ல விடாதீங்க, பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கமும் விடாதீங்க.

9. ஃபில்டரை மாசம் ஒரு தடவையாவது கழுவுங்க. 3.5 கோடி அடுப்போட கதையை நினைச்சுக்கோங்க.

சிம்னிக்குக் காசில்லையா? வெளிச்சுவர்ல உயரமா ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். ஒண்ணுமே இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல்.

ஒரு எச்சரிக்கை. காஸ் கசிஞ்சா சிம்னி சுவிட்சைத் தொடாதீங்க. எல்பிஜி காத்தைவிடக் கனமானது, தரையோட தேங்கும். பொறி ஒண்ணு போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வாங்க.

அந்த மகன் மேஸ்திரியைக் கூப்பிட்டு, சீலிங் ஓரமா எட்டடி குழாய் ஓட்டி, வடக்குச் சுவர்ல வாய் வச்சார். பழைய சிம்னி குழாய் மாட்ட முடியாத வகை, அதனால வேற ஒண்ணு வாங்க வேண்டியதாப் போச்சு. அம்மாவோட நுரையீரலில் போனது திரும்ப வராது. இன்ஹேலரும் நிக்காது. ஆனா அடுத்த தடவை வந்தப்போ, "இப்ப தாளிச்சா இருமல் வரல டாக்டர்"னு சொன்னாங்க. அவங்க மருமக தினமும் அதே அடுப்படியில்தான் நிக்கிறாங்க. இன்னும் முப்பது வருஷம் நிக்கணும். அந்தக் குழாய் அவங்களுக்கும்தான்.

சரி, டேப்பை எடுங்க. அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையில 65 முதல் 75 சென்டிமீட்டர் இருக்கா? குழாய் எத்தனை அங்குலம்? அது எங்கே போய் முடியுது? வெளியே போய் ஒரு தடவை கண்ணால பாருங்க.