மணலியின் மதிப்பெண்

2009 டிசம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், டெல்லி ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்களின் துணையோடு, நாட்டின் 88 தொழிற்பகுதிகளுக்கு மாசு மதிப்பெண் போட்டது. நூற்றுக்கு 70ஐத் தாண்டினால் அது மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி. வடசென்னையின் தொழிற்பகுதியான மணலிக்குக் கிடைத்தது 76.32. அடுத்த மாதமே, அப்படித் தாண்டிய 43 பகுதிகளிலும் புதிய ஆலைகளுக்கு அனுமதி நிறுத்தப்பட்டது. ஆனால் தடை நிலைக்கவில்லை. செயல்திட்டம் தயாராகிவிட்டது என்று சொல்லிப் பல பகுதிகளுக்கு அது படிப்படியாக விலக்கப்பட்டது. காற்று தெளியும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

அதைவிட முக்கியமான மாற்றம் மதிப்பெண் போடும் முறையில் 2016இல் நடந்தது, ஓசையில்லாமல். பழைய கணக்கில் நூற்றில் 30 மதிப்பெண், மாசைச் சுமக்கும் மக்களுக்கும் சூழலுக்கும் உரியது: எத்தனை பேர் பாதிக்கப்படலாம், எந்த அளவுக்கு என்பதெல்லாம் அதில் வரும். புதிய கணக்கில் மக்கள் உடல்நலத்துக்கு மிஞ்சியது 10. துல்லியமாக அளக்க முடியாதவற்றை நீக்கினோம் என்பது காரணம். அறிவியலில் துல்லியம் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அளப்பது கடினம் என்றால் அளக்கும் முறையைச் சீராக்க வேண்டும். அளக்க வேண்டியதன் எடையைக் குறைப்பது அரசியல் முடிவு. அந்தப் பத்தும் பெரிய மருத்துவமனைகளின் பதிவேடுகளை நம்பியது. மணலி புதுநகரில் இரவெல்லாம் இருமிவிட்டு, காலையில் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் எந்தப் பதிவேட்டிலும் ஏறமாட்டார். 2018இல் மணலிக்கு 84.15 வந்தது. கணக்கிடும் முறையே மாறிவிட்டதால் இதைப் பழைய எண்ணோடு நேராக ஒப்பிடக்கூடாது. மக்களின் எடையைக் குறைத்த பிறகும் 70ஐத் தாண்டியது என்பது மட்டும் உறுதி.

அளப்பதுதான் விஞ்ஞானியின் வேலை, முடிவெடுப்பது அரசு என்பார்கள். எதை அளப்பது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று தீர்மானிக்கும் இடத்தில் உட்கார்ந்தவர் ஏற்கெனவே பாதி முடிவை எடுத்துவிட்டார். அரசு ஊழியரான விஞ்ஞானி எப்படி எதிர்த்துப் பேசுவார் என்ற கேள்வி நியாயமானது. தெருவுக்கு வரச் சொல்லவில்லை. ஏற்காததைக் கோப்பில் எழுதி வைக்கலாம். எழுதியது இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருநாள் கைக்கு வரும். அந்த மதிப்பெண் முறை யாரை விட்டுவிடுகிறது என்று பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து கிளம்பிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தை அடைந்தது. எண்ணூர் மீனவர்கள் அதை மக்கில் மொண்டு வாளியில் ஊற்றினார்கள். கறுத்துப்போன அந்தக் கைகள் அந்தப் பத்து மதிப்பெண்ணுக்குள்தான் வரும், அதுவும் பெரிய மருத்துவமனைக்குப் போயிருந்தால்.