குதிரையே அரிதான ஊரில் கொம்பு

"காத்தோட்டமா ஒரு வாடகை வீடா? மாட்டுத்தாவணிப் பக்கம் அது குதிரைக்கொம்புங்க" என்று தரகர் சொன்னால், நாம் தேடுவதை நிறுத்துவதில்லை. அடுத்த தெருவில் போய்க் கேட்கிறோம்.

அவர் 'முயற்கொம்பு' என்று சொல்லியிருந்தால் கதை வேறு. அது தர்க்க சாஸ்திரக்காரர்களின் சரக்கு. மலடி மகன், ஆகாயப் பூ வரிசையில் வரும். அறவே இல்லாத பொருளுக்கு உதாரணம். குதிரைக்கும் கொம்பு கிடையாதுதான். ஆனால் பேச்சில் குதிரைக்கொம்புக்கு 'ரொம்ப அரிது' என்றுதான் பொருள். பூஜ்யத்துக்கும் 0.001-க்கும் உள்ள வித்தியாசம் என்கிறது என் தொழில் புத்தி.

ஏன் குதிரை? எனக்கொரு ஊகம் உண்டு, ஊகம் மட்டும்தான். பாண்டிய நாட்டில் கொம்பு இருக்கட்டும், நல்ல குதிரையே அரிது.

பட்டினப்பாலை காலத்திலேயே குதிரை கடல்வழி வந்த சரக்கு. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கும் மற்ற துறைமுகங்களுக்குமாக ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன, ஒன்றின் விலை 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். பெருக்கினால் 22 லட்சம் தினார்! (எண்ணிக்கையில் கொஞ்சம் ஜோடனை இருக்கலாம்.) வழியில் செத்த குதிரைக்கும் கஜானாதான் பணம் கட்டியதாம். அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, பெரும்பாலானவை சீக்கிரமே செத்துப்போகின்றன என்கிறார். வியாபாரிகள் லாடக்காரர்களை இந்தப் பக்கம் வரவிடுவதே இல்லையாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் வியாபாரம் எப்படி நடக்கும்?

மாணிக்கவாசகர் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். கதை வஸ்ஸாபுக்கு மூத்தது. திருவாதவூர்க்காரர், பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவழித்துவிட்டார். சிவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தார். ராத்திரியே அவை மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின. ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடக்கும் லீலை இது. நாம் பக்திக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். எனக்கோ அதில் ஒரு கஜானாக் கணக்கரின் வயிற்றெரிச்சலும் கேட்கிறது: அவ்வளவு பணம் போனது, விடிந்து பார்த்தால் லாயம் காலி.

அரசனுக்கே இந்தக் கதி என்றால் சம்சாரி எங்கே போவான்? சுற்றுப்பட்டு ஊர்களில் புரவி எடுப்பன்று ஐயனாருக்கு மண்குதிரைதான் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.