இருப்புக் கொள்ளாத கால்கள்

பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர் இரவில் படுக்கையில் சாய்கின்றார். கண் அயரும் வேளையில் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போலவும் இழுப்பது போலவும் ஓர் உணர்ச்சி எழுகின்றது. எழுந்து நடந்தால் அது தணிகின்றது; படுத்தால் மீண்டும் தொடங்குகின்றது. ‘அமைதியற்ற கால்கள்’ எனப்படும் இந்நோயின் வரலாறு, நோயாளியின் சொல்லை நம்புவதற்கு மருத்துவ உலகம் எத்துணைக் காலம் தயங்கியது என்பதைக் காட்டும் வரலாறும் ஆகும்.

இதனை முதன்முதல் தெளிவுற எழுதி வைத்தவர் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் ஆவார். 1672-ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் வெளிவந்த அவரது நூலில், கால் கைகளின் துடிப்பால் உறக்கமிழந்து வாடுவோரின் நிலை கூறப்பட்டுள்ளது. அவர் அளித்த மருந்து அபினிக் கலவையாகும். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1861-இல் ஜெர்மன் மருத்துவர் விட்மாக் இதனை மனக்கோளாறின் ஓர் அறிகுறியாகக் கருதினார். உடலில் உள்ள துன்பம் உள்ளத்தின் மயக்கமாக எண்ணப்பட்டது.

இக்கருத்தை மாற்றியவர் சுவீடன் நாட்டு நரம்பியல் அறிஞர் கார்ல் ஆக்செல் எக்பொம். நோயாளர் பலர் கூறியவற்றைத் தொகுத்து ஆராய்ந்த அவர், 1945-இல் இதனைத் தனியொரு நோயென நிறுவினார். 1953-இல் அந்நாட்டு மருத்துவர் நோர்ட்லாண்டர், இரும்புச்சத்துக் குறைவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார்.

1982-இல் துருக்கி மருத்துவர் அக்பினார் லெவோடோபா என்னும் மருந்தின் பயனைக் கண்டார். ஆயினும் அம்மருந்தை நெடுநாள் உட்கொண்ட பலருக்கு, இரவில் வந்த தொல்லை மாலையிலேயே தொடங்கி முன்னினும் மிகுந்தது. 1996-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதனை விரிவாக எடுத்துரைத்தனர். நோய் தணிக்கும் மருந்தே நோயை வளர்த்தமையால், மருந்தில்லா முறைகளின் மதிப்பு உயரலாயிற்று.

நடந்தால் தணியும் என நோயாளர் தாமே கண்ட உண்மை, 1995-இல் பன்னாட்டு அறிஞர் குழு வகுத்த நோய்க்குறிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. 2006-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வாரம் மூன்று நாள் வீதம் 12 வாரங்கள் நடைப்பயிற்சி போன்றவற்றையும் கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் செய்தோருக்குத் தொல்லை குறைந்திருந்தது. காற்று நிரம்பி அடங்கும் உறைகளைக் காலில் அணிவிக்கும் முறையும் பயனளித்ததாக 2009-இல் மற்றோர் ஆய்வு தெரிவித்தது. முழங்காலுக்கு அருகே செல்லும் நரம்பை மின்துடிப்பால் தூண்டும் கருவிக்கு 2023-இல் அந்நாட்டு அரசு அனுமதி வழங்கியது. 2025-இல் வெளியான அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதலிலும் இம்முறை இடம்பெற்றுள்ளது.

இவற்றோடு எளிய வழிகளும் உள. மாலைக்குப்பின் காப்பி, தேநீர், மது ஆகியவற்றைத் தவிர்த்தல், நாள்தோறும் ஒரே நேரத்தில் உறங்கச் செல்லுதல், கால்களைப் பிடித்துவிடுதல், வெந்நீரிலோ தண்ணீரிலோ நனைத்தல் ஆகியவை பலருக்கு ஆறுதல் தருவன. எனினும், குருதியில் இரும்புச்சத்தின் அளவை மருத்துவரிடம் சோதித்தறிதல் இன்றியமையாதது. நோய் கடுமையாயின் மருந்தும் தேவைப்படலாம்.

வில்லிஸ் காலத்திலும் நோயாளர் எழுந்து நடந்தே அமைதி தேடினர். அந்நடையைப் பித்தென எண்ணாது அதன் காரணத்தை ஆராய்ந்த அன்றே இந்நோயின் மருத்துவம் நேர்வழியில் செல்லத் தொடங்கிற்று.