பணியிடப் பயிற்சியில் இணையவழி வழிகாட்டல்

பணியில் இருக்கும் ஒருவர் பயிற்சி வகுப்பில் கற்றதைத் தம் அன்றாட வேலையில் கையாளும்போது, தொலைவிலிருக்கும் அனுபவசாலி ஒருவர் காணொளி, தொலைபேசி, இணையத்தளம் ஆகியவற்றின் வழியே அந்த வேலையைக் கவனித்து, தொடர்ந்து கருத்துச் சொல்லிவரும் முறை இணையவழி வழிகாட்டல் எனப்படும். பதிவுசெய்த விரிவுரைகளைப் பார்ப்பதும் இணையத்தில் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதும் இதில் அடங்கா. கற்பவரின் சொந்த வேலையே இங்கே பாடப்பொருள். தொழிற்சாலை, மருத்துவமனை, வங்கி, அரசு அலுவலகம் எனப் பல இடங்களில் இம்முறை வழங்கினாலும், நம்பத்தக்க சோதனைகள் பெரும்பாலும் பள்ளியாசிரியர்களிடமே நடந்துள்ளன. அச்சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: பயிற்சியைப் பயனுள்ளதாக்கியது ஒருவருடைய வேலையை இன்னொருவர் கூர்ந்து பார்த்த செயல்தான். இணையம் அந்தப் பார்வையைத் தொலைவுக்குக் கொண்டுசேர்த்தது. பார்வை விடுபட்ட இடங்களில் இணையத்தால் மட்டும் பெரிய மாற்றம் வரவில்லை.

பயிற்சிக்குப் பின்னும் தொழிலாளியைப் பின்தொடர வேண்டும் என்ற எண்ணம் இணையத்துக்கு மிகவும் முந்தியது. முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆள் பயிற்றும் பணியில் ஈடுபட்ட சார்ல்ஸ் ஆலன், 1919இல் வெளியிட்ட நூலில் கற்பித்தலை ஆயத்தம், செய்துகாட்டல், செய்யவைத்தல், சோதித்தல் என நான்கு படிகளாக வகுத்தார். 1940இல் அமெரிக்க அரசு தொடங்கிய ‘டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி’ திட்டம் இப்படிகளைத் தழுவியபோது, நான்காம் படியைப் பின்தொடர்தல் என்று மாற்றியது. சிறிய மாற்றம்தான், ஆனால் இத்துறையின் பிற்கால வரலாறு முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. போர் முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அத்திட்டத்தில் சான்றிதழ் பெற்றனர். 1952இல் கோர்னர், பிரௌன் என்ற இருவர், உளவியல் பயிற்சி பெறுவோரின் காதில் ஒலிக்கருவி பொருத்தி, அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே குறிப்புச் சொல்லும் முறையை விவரித்தனர். 1963இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான நுண்கற்பித்தல் முறை, ஆசிரியர் தம் பாடத்தைப் பதிவில் தாமே பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது.

பயிற்சியில் கற்றதில் பத்தில் ஒரு பங்குதான் வேலைக்குப் போய்ச் சேர்கிறது என்ற கூற்று இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. அது 1982இல் ஜார்ஜென்சன் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது; ஆனால் அங்கே அது பயிற்சி அலுவலர்கள் பேசிக்கொள்ளும் மதிப்பீடாகவே வருகிறது, ஆய்வு முடிவாக அன்று. வழிகாட்டலைச் சேர்த்தால் 95 விழுக்காட்டினர் கற்றதை வகுப்பறையில் கையாளுவர் என்று ஜாய்ஸ், ஷவர்ஸ் ஆகியோரின் நூலை மேற்கோள் காட்டிச் சொல்லப்படும் எண்ணும் மதிப்பீடே. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், ஓர் அரசு அலுவலகத்தின் 31 மேலாளர்களிடம் பயிற்சி மட்டும் உற்பத்தித்திறனை 22.4 விழுக்காடும், பயிற்சியோடு நேரடி வழிகாட்டலும் சேர்ந்து 88 விழுக்காடும் உயர்த்தியதாகக் கணக்கிடப்பட்டது. குழு சிறியது, ஒப்பீட்டுக்கு வேறு குழுவும் இல்லை. ஆகவே இந்த எண்களைச் சான்றாகக் கொள்வதைவிட, சரியான சோதனை தேவை என்பதை உணர்த்திய அடையாளங்களாகக் கொள்வதே பொருத்தம்.

அத்தகைய சோதனை அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் பியான்டாவும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கிய ‘மை டீச்சிங் பார்ட்னர்’ திட்டம் முதலில் மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கானது. அதன் நடைமுறை எளிது. ஆசிரியர் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தம் வகுப்பைப் பதிவுசெய்து வழிகாட்டுநருக்கு அனுப்புவார். வழிகாட்டுநர் அதிலிருந்து ஓரிரு நிமிடத் துண்டுகள் சிலவற்றை எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் கேள்வி எழுதி, அந்த ஆசிரியர் மட்டும் காணக்கூடிய பக்கத்தில் வைப்பார். முதல் துண்டு ஆசிரியர் நன்றாகச் செய்த இடமாக இருக்க வேண்டும் என்பது விதி. குழந்தை ஒன்று தயங்கிக் கைதூக்கியதை ஆசிரியர் கவனித்தாரா, கவனித்தபின் என்ன சொன்னார் என்பது போன்ற நுண்ணிய தருணங்களுக்குத் துண்டுகள் இடம் கொடுத்தன. அடுத்த துண்டுகள் யோசிக்க வேண்டிய இடங்களைக் காட்டின. ஆசிரியர் பார்த்து எழுத்தில் விடை தருவார். பிறகு இருவரும் பேசி அடுத்த இரண்டு வாரத்துக்கான திட்டத்தை வகுப்பார்கள். ஒருவர் மற்றவருடைய வேலையில் நிமிடங்களைத் தேடி எடுத்து, கேள்வியோடு திருப்பித் தரும் இந்த ஒழுங்கில் பெரிய மரியாதை இருக்கிறது. திட்டத்தின் மற்றக் கூறுகள் மறக்கப்பட்டாலும் இது நினைவில் நிற்கத் தகுந்தது.

2008இல் வெளியான ஆய்வு 113 ஆசிரியர்களைப் பற்றியது. ஒரு பிரிவினருக்கு மாதிரிக் காணொளிகள் நிறைந்த இணையத்தளம் மட்டும் கிடைத்தது. இன்னொரு பிரிவினருக்கு அதோடு வழிகாட்டுநரும் கிடைத்தார். குழந்தைகளோடு பழகும் தரத்தில் இரண்டாம் பிரிவினரே கூடுதலாக முன்னேறினர். ஏழைக் குழந்தைகள் அதிகமுள்ள வகுப்புகளில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது. இணையம் இரு பிரிவினருக்கும் பொது என்பதால், வேறுபாட்டை உண்டாக்கியது வழிகாட்டுநர் என்றே கொள்ள வேண்டும். அடுத்து, உயர்நிலைப் பள்ளிகளுக்கான வடிவம் 12 பள்ளிகளின் 78 ஆசிரியர்களிடம் குலுக்கல் முறையில் சோதிக்கப்பட்டு 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. பதின்மூன்று மாதங்களில் ஓர் ஆசிரியர் செலவிட்ட நேரம் ஏறத்தாழ 20 மணி. நடுநிலையில் இருந்த மாணவர், அதாவது நூறு பேரில் ஐம்பதாம் இடத்தில் இருந்தவர், ஐம்பத்தொன்பதாம் இடத்துக்கு உயர்வதற்கு ஈடான பயன் தெரிந்தது. அது வழிகாட்டல் நடந்த ஆண்டில் தெரியவில்லை. அடுத்த ஆண்டு, புதிய மாணவர்களிடம் தெரிந்தது. பயிற்சி முடிந்த மறுவாரமே விளைவு கேட்கும் நிறுவனங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய காலக்கணக்கு இது. இத்திட்டத்தில் சேர்ந்த ஆசிரியர்களின் வகுப்புகளில், ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்பப்படும் கறுப்பின மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான இடைவெளி குறைந்ததாகப் பின்வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

ஏறத்தாழ இதே காலத்தில் மருத்துவத்தில் வேறொரு பாதை உருவானது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய ‘எக்கோ’ திட்டத்தில், சிற்றூர் மருத்துவர்களும் சிறைச்சாலை மருத்துவர்களும் வாரந்தோறும் காணொளியில் கூடி, தம்மிடம் வந்த ஹெபடைடிஸ் சி நோயாளிகளைப் பற்றி வல்லுநர்களோடு பேசினர். 407 நோயாளிகளைப் பற்றிய 2011ஆம் ஆண்டு ஆய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 விழுக்காட்டினரும் இம்மருத்துவர்களிடம் 58.2 விழுக்காட்டினரும் நோய் நீங்கப் பெற்றனர். குலுக்கல் சோதனை அன்று என்பதால் இதிலிருந்து உறுதியான காரணம் காட்ட இயலாது. ஆயினும் தொலைவிலிருந்து கற்றவர் தரும் சிகிச்சையும் பெருமருத்துவமனைக்கு நிகராக நிற்கக்கூடும் என்பதற்கு இது வலுவான சான்று.

இம்முறைக்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றுள் முதன்மையானது தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறது. ம்புமலங்கா மாகாணத்தில் 180 பள்ளிகளில் நடந்த சோதனையில், 50 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு நேரில் வரும் வழிகாட்டுநரும், வேறு 50 பள்ளிகளில் கைக்கணினி, தொலைபேசி, வாட்ஸ்அப் வழியாகப் பேசும் வழிகாட்டுநரும் அமைந்தனர். மூன்றாண்டு முடிவில் நேரடி முறை மாணவரின் ஆங்கிலப் பேச்சுத்திறனையும் வாசிப்பையும் உயர்த்தியது. தொலைவழி முறை பேச்சுத்திறனைச் சிறிதளவே உயர்த்தியது. ஆங்கில வாசிப்பில் பயன் இல்லை. தாய்மொழி வாசிப்போ சற்றுத் தாழ்ந்தது. இது எளிதில் தள்ளத்தக்க சான்று அன்று. ஆனால் வர்ஜீனியாவின் முறையோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு தெரிகிறது: அங்கே வழிகாட்டுநர் ஒவ்வொரு சுற்றிலும் வகுப்பின் பதிவைப் பார்த்த பிறகே பேசினார், இங்கே உரையாடல் பெரும்பாலும் ஆசிரியர் சொல்வதைக் கேட்டு நடந்தது. முதல் வகுப்புக் குழந்தைக்கு எழுத்துக் கூட்டக் கற்றுத்தருவதை, ஆசிரியர் சொல்வதைக் கேட்டு மட்டும் திருத்த முடியாது என்பது இதற்கு ஒரு விளக்கமாகலாம். பொறுப்புணர்வும் நம்பிக்கையும் நேரில் எளிதாக வளர்கின்றன என்பது மற்றொரு விளக்கம். இரண்டில் எது முதன்மை என்பது இன்னும் தீரவில்லை.

இரண்டாம் எதிர்வாதம் அளவு பற்றியது. கிராஃப்ட், பிளேசர், ஹோகன் ஆகியோர் 2018இல் 60 ஆய்வுகளைத் தொகுத்தபோது, நேரடி வழிகாட்டலுக்கும் தொலைவழி வழிகாட்டலுக்கும் இடையே புள்ளியியல் பொருளுள்ள வேறுபாடு தென்படவில்லை. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களைக் கொண்ட திட்டங்களில் பயன் வெகுவாகச் சுருங்கியது. தொலைவு தடையன்று, கூட்டம்தான் தடை என்று இதைப் படிக்கலாம். விரிவாக்கும்போது முதலில் கைவிடப்படுவது, ஒரு வழிகாட்டுநர் ஒரே ஆசிரியரின் பதிவோடு செலவிடும் அந்த மணிநேரம். செலவு குறைவு என்ற காரணத்துக்காக மட்டும் இணையத்தைத் தேர்ந்த நிறுவனம் அந்த நேரத்தையும் குறைக்கவே முனையும். அப்போது மிஞ்சுவது, வர்ஜீனியாவில் குறைவாகப் பயன் தந்த முதல் பிரிவின் இணையத்தளம்தான்.

இதற்கிடையே கருவிகளும் மாறிவந்தன. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், அலபாமாவில் ஸ்கைப்பும் காதில் பொருத்தும் புளூடூத் கருவியும் கொண்டு, பாடம் நடக்கும்போதே குறிப்புச் சொல்லும் முறை சோதிக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுவனங்கள் பலவும் காணொளி உரையாடலுக்கு மாறின. மேலாளர்களுக்கான வழிகாட்டலைச் செயலி வழியாக விற்கும் நிறுவனங்களும் பெருகின. 2024இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், 900 தனிப்பாட ஆசிரியர்கள் இணையத்தில் மாணவரோடு உரையாடும்போது, செயற்கை நுண்ணறிவு அவர்களுக்கு அடுத்துக் கேட்க வேண்டியதைப் பரிந்துரைத்தது. மாணவர் பாடத்தில் தேர்ச்சி பெறும் வாய்ப்பு சராசரியாக 4 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது. திறன் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்த ஆசிரியர்களின் மாணவர்களிடம் அது 9 புள்ளி.